கேட்டால் என்ன நினைப்பார்கள்?

அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் கடைப் பையனாகத் தாம்பரம் வந்தவர். பொட்டலம் மடித்து, மூட்டை சுமந்து, எட்டு வருடம் கழித்துச் சேலையூரில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை போட்டார். 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கிறித்தவக் கல்லூரியின் மதில் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். பேராசிரியர்களும் ரயில்வேக்காரர்களும் விமானப்படைக் குடும்பங்களும் எங்களிடம்தான் பருப்பு வாங்கினார்கள். அவர்களில் ஒருவரிடம்கூட என் படிப்பைப் பற்றி நாங்கள் வாய் திறந்ததில்லை.

கொத்தவால்சாவடியில் பத்துக் கடை விசாரிக்காமல் ஒரு மூட்டை மிளகாய் எடுக்கமாட்டார் அப்பா. படிப்பு என்று வந்தால் மட்டும் கூச்சம். "அவுககிட்டப் போயி இதெல்லாம் கேக்கலாமாம்மா? என்ன நெனைப்பாக?"

2012. பொறியியல் கலந்தாய்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் சில்லறைக்குக் காத்து நின்றபோது பேச்சுவாக்கில் கேட்டார்: "அண்ணாச்சி, முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கிட்டீங்கல்ல?" அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. குடும்பத்தில் அதுவரை யாருமே பட்டம் பெறவில்லை என்றால், அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2010இல் வந்த திட்டம். அப்போது வருடத்துக்கு 20,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 80,000. அந்தப் பணம் மிச்சமாக எத்தனை மூட்டை சர்க்கரை விற்க வேண்டும் என்று கல்லாவில் உட்கார்ந்து பழகிய எனக்குத் தெரியும்.

சான்றிதழுக்கு வேண்டிய ரேஷன் கார்டு ஊர் விலாசத்தில் இருந்தது. அதை மாற்றினால் ஊரோடு உள்ள ஒட்டு விட்டுப்போகும் என்று அப்பா அப்படியே வைத்திருந்தார். அன்று ராத்திரியே முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினார். கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. அதற்கு முன் பொங்கலுக்குக்கூட அப்படிப் பூட்டியதில்லை. சான்றிதழோடு திரும்பி வந்தவர் முதலில் சொன்னது இதுதான்: "எங்கப்பன், எங்காத்தா, நான், உங்கம்மா... ஒவ்வொருத்தர் பேரா எழுதி, படிக்கல, படிக்கலன்னு குடுத்துட்டு வந்திருக்கேன்." அவர் குரல் கம்மியிருந்தது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தபடி, அந்தக் காகிதத்தை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஆகவே, பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது: தேர்வு தொடங்குவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். குடும்ப அட்டை எந்த ஊரில் இருக்கிறது, பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடுத்து, தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஆனால் "என்ன படிக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "உங்க பொண்ணு சேர்ந்தப்போ என்னென்ன பேப்பர் கேட்டாங்க? முதல் நாள் எவ்வளவு கட்டுனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நின்று, நிதானமாகச் சொல்வார்கள். படித்தவர்களுக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. நமக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

வேலையில் சேர்ந்தபோதும் கேட்காமல் ஒரு தவறு செய்தேன். முதல் நிறுவனம் அசல் சான்றிதழ்களைக் கேட்டது, கொடுத்துவிட்டேன். விலகியபோது அவற்றைத் திரும்ப வாங்க ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது எங்கள் தெருவுக்கு வேறு தூரத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்து டைல்ஸ் வேலை பார்ப்பவர் ஒருவர். அவர் மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள், என்னைவிட அழகாகத் தமிழ் எழுதுகிறாள். இந்த வருடம் டி.சி. வாங்கி அவளைப் பாட்டியிடம் அனுப்பிவிட நினைத்திருந்தார். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தால், பூர்வீகம் வேறு மாநிலமானாலும் பொறியியல் கலந்தாய்வில் பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கலாம். நடுவில் ஒரு வருடம் போய்விட்டு வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவரை நிறுத்தி வைத்துச் சொன்னது நான் இல்லை, அப்பா. அரிசி நிறுத்துக்கொண்டே, தமிழும் சைகையுமாக.

"டி.சி. வாங்கிராதிய. பன்னெண்டு முடிக்கட்டும். எதுன்னாலும் எங்கிட்ட வந்து கேளுங்க."