திண்ணையும் திரையும்: ஊராட்சியில் கலப்புக் கற்றல்

2018-ஆம் ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளப் பயிரைப் படைப்புழு தாக்கியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி உழவர் பெரிதும் கலங்கினர். புழுவை ஒடுக்கும் முறைகள் இன்று கைபேசியிலேயே படக்காட்சியாகக் கிடைக்கின்றன. எனினும், அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று குருத்தைப் பிரித்துக் காட்டும் போதே, நம் வயலின் சேதம் நமக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. நம் குழந்தைகளின் கல்வியும் இத்தகையதே.

ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறிடத்தில் இருக்க, கைபேசி அல்லது கணினி வாயிலாகப் பாடம் நடைபெறுவது இணையவழிக் கற்றல். அத்துடன் நேரில் கற்பித்தலையும் இணைப்பது கலப்புக் கற்றல். இவ்விரண்டில் கிராமத்திற்கு உகந்தது எது?

பழைய அனுபவம்

இவ்வினாவிற்கு 1956-ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்தது. அந்நாளைய பம்பாய் இராஜ்யத்தில், புனே வானொலி நிலையத்தின் வாயிலாக, ஐந்து மாவட்டங்களின் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடைபெற்றது. ஊரார் ஒன்றுகூடி விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டனர். கேட்ட பின் கூடிப் பேசினர். வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களைவிட, பேசிப் பழகிய ஊர்களில் அறிவு மிகுதியாக வளர்ந்தது.

நோய்த் தொற்றுக் காலம்

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பெற்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட போது அதுவும் கைபேசியும் பெருந்துணையாயின. ஆனால், திரை பேசுமேயன்றிக் குழந்தையின் ஐயத்தைக் கேளாது. எல்லாக் குழந்தைகட்கும் அது எட்டவுமில்லை. இந்திய ஊரகப் பகுதிகளில் 2021-இல் நடந்த ‘அசர்’ ஆய்வின்படி, பள்ளியிற் சேர்ந்த குழந்தைகளுள் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் திறன்பேசி இருந்தது, அவர்களுள்ளும் 26.1 விழுக்காட்டினருக்கு அது கைக்கு வரவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், திறன்பேசி எட்டியது ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கே. தந்தை வேலைக்குச் செல்கையில் பேசியும் உடன் செல்லும் வீடுகளை நாம் அறிவோம்.

1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. அந்தந்த ஊரின் தன்னார்வலர் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் சிறு குழுவாகக் குழந்தைகளை அமர்த்திக் கற்பித்தனர். தமிழக ஊரகக் குழந்தைகளிடம் பொருளியலறிஞர் நடத்திய ஆய்வொன்று கூறுவது கவனிக்கத் தக்கது: பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது.

இதனால் திரை வேண்டாம் என்பதன்று. திரைக்கு அருகில் ஓர் ஆள் வேண்டும் என்பதே பாடம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

1. நூலகம் அல்லது சமுதாயக் கூடத்தில் மாலையில் ஒரு மணி நேரம், வெளிச்சமுள்ள இடம் ஒதுக்குக.

2. படித்த இளைஞர் அல்லது மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் நாள்தோறும் உடனிருக்க ஏற்பாடு செய்க.

3. பாடநூலிலுள்ள கியூ.ஆர். குறியீடு, 2023-இல் வெளியான ‘மணற்கேணி’ செயலி ஆகியவற்றின் பாடங்களைக் குழுவாகக் காணச் செய்க. பத்து நிமிடம் காண்பது. இருபது நிமிடம் பேசுவதும் எழுதுவதும்.

4. தீராத ஐயங்களை ஓர் ஏட்டில் குறித்து, மறுநாள் பள்ளி ஆசிரியரிடம் சேர்ப்பிக்க.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அங்கும் கிராம சபையிலும் இதை எழுப்புதல் உறுப்பினர் கடமை. உழவரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்: படத்தைக் கூடிப் பார்த்து, எஞ்சிய ஐயத்துடன் வாலிகண்டபுரம் அல்லது சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

சிந்தனைக்கு

நம் ஊரில் மாலையில் கைபேசி கிட்டாத குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களோடு அமரக்கூடியவர் யார்? அடுத்த கிராம சபைக்குள் இவ்விரு வினாக்கட்கும் பெயர்ப் பட்டியலுடன் விடை காணும் ஊராட்சியில் பாதி வேலை முடிந்ததெனலாம்.