தரையில் இரை தேடும் தீவுப் புறா

பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்குச் சென்றால் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். மாடங்களில் அமர்ந்து குனுகும் மாடப்புறாக்களைக் காணலாம். புறா என்றதும் நம் நினைவுக்கு வருவது இப்பறவைதான். ஆனால் புறாக் குடும்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் சில, கோபுரத்தையும் கூரையையும் நாடாமல் காட்டுத் தரையில் நடந்தே இரை தேடுகின்றன. நமது மாநிலப் பறவையான மரகதப்புறா அத்தகையது. அதன் உறவினர்களுள் வியப்பூட்டும் ஒன்று நிக்கோபார் புறா.

இராசேந்திர சோழனின் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்று குறிக்கப்படுவது நிக்கோபார் தீவுக்கூட்டமே. இத்தீவுகளின் பெயரால் 1758இல் லின்னேயஸ் இப்பறவைக்குப் பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் கலோயினாஸ் நிக்கோபாரிகா. நிக்கோபார் முதல் சாலமன் தீவுகள், பலாவு வரை உள்ள தீவுகளில் இது வாழ்கிறது.

உருவமும் உணவும்

இதன் நீளம் சுமார் 40 செ.மீ. உடல் பச்சையும் செம்பும் கலந்து உலோகம்போல் மின்னும். கழுத்தில் நீண்ட இறகுகள் சால்வைபோல் தொங்கும். குட்டையான வால் மட்டும் தூய வெண்மை. மங்கிய ஒளியில் கூட்டமாகக் கடலைக் கடக்கும்போது, முன்னே செல்லும் பறவையின் வெள்ளை வால் பின்னே வருவதற்கு வழிகாட்டும் என்று கருதப்படுகிறது. இளம் பறவைகளின் வால் கருமையாக இருக்கும்.

உதிர்ந்த விதைகளும் கனிகளும் இதன் முக்கிய உணவு. பல்லில்லாத பறவை கெட்டியான கொட்டையை எப்படி உடைக்கிறது? அதன் இரைப்பையின் ஒரு பகுதி தடித்த தசையால் ஆனது. இதற்கு அரைவைப்பை என்று பெயர். பறவை விழுங்கிய கல் அதனுள் இருந்துகொண்டு அம்மிபோல் வேலை செய்கிறது. நாட்டுக்கோழியின் அரைவைப்பையைப் பிளந்து பார்த்தால் இத்தகைய சிறுகற்களை நீங்களும் காணலாம். நிக்கோபார் புறாவுக்கோ இக்கல்லே பகையாயிற்று. இறைச்சிக்காக மட்டுமன்றி, அணிகலன் செய்ய உதவும் இக்கல்லுக்காகவும் இது வேட்டையாடப்பட்டது.

தீவு தரும் ஆபத்து

தரையில் இரை தேடினாலும் இப்புறா கூடு கட்டுவது மரங்களில்தான். பகை விலங்குகள் இல்லாத சிறு தீவுகளைத் தேர்ந்து, கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். ஒரு கூட்டில் ஒரே ஒரு முட்டைதான். எதிரிகள் இல்லாத இடத்தில் ஒரு முட்டை போதும். ஆனால் கப்பலோடு எலியும் பூனையும் வந்து இறங்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். எலி மரமேறும், அந்த ஒரு முட்டை போனால் அந்தக் கூட்டின் உழைப்பு முழுவதும் வீண்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. மொரிசியசுத் தீவில் வாழ்ந்த டோடோவை 1598இல் டச்சு மாலுமிகள் கண்டார்கள். நூறாண்டுகளுக்குள் அது பூண்டோடு அழிந்தது. 2002இல் டோடோவின் எச்சத்திலிருந்து மரபுப்பொருளைப் பிரித்து ஆராய்ந்தபோது, வாழும் புறாக்களுள் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறாவே என்று தெரியவந்தது. பசிபிக் கடலின் பாலினீசியத் தரைப்புறாவும் இன்று சில சிறு தீவுகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. அதைக் காக்க 2015இல் அப்பகுதித் தீவுகளில் எலி ஒழிப்புப் பணி நடைபெற்றது.

இன்றைய நிலை

நிக்கோபார் புறா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று வகைப்படுத்தியுள்ளது. பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டுள்ளது. நிக்கோபாரில் இதன் முக்கியக் கூடமைப்பிடம் மனிதர் குடியிராத பட்டிமால்வ் என்னும் சிறு தீவு. அது ஒரு சரணாலயம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இத்தீவுக்கூட்டத்தின் கரையோரக் காடுகளைச் சிதைத்தது. பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்காகச் சுமார் 130 சதுர கி.மீ. காட்டை ஒதுக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது.

நிலப்பரப்பில் ஒரு காடு அழிந்தால் பறவை அடுத்த காட்டுக்குப் போகலாம். தீவைச் சுற்றிலும் இருப்பதோ கடல். ஆகவே உண்ண ஒரு காடு, கூடு கட்ட ஒரு தீவு என இரண்டும் இருந்தால்தான் இப்புறா பிழைக்கும்.

சிந்திக்க:
1. ஒரு முட்டை மட்டும் இடும் பறவை, பல முட்டை இடும் பறவையைவிட விரைவாக அழியக் காரணம் என்ன?
2. கூடு கட்டும் தீவை மட்டும் காத்தால் இப்புறாவைக் காத்துவிட முடியுமா?