முறத்துக்கு முன்சுவர் ஏன் இல்லை?



டிசைன் என்றாலே நமக்கு டிராயிங் ஷீட்டும் பென்சிலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு பொருள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். அங்கே சூத்திரம் செல்லாது. பொருளைத்தான் கையில் கொடுக்க வேண்டும். கூத்தாநல்லூரில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நான் கொடுத்தது முறம்.

முதல் கேள்வி, வேலையைப் பற்றியது. "இது எதுக்குடா?" "அரிசி பொடைக்க, அண்ணே!" அதாவது அரிசியையும் உமியையும் பிரிக்க. சல்லடை போதாதா? போதாது. சல்லடை பருமனைப் பார்த்துப் பிரிக்கும். உமியோ ஏறக்குறைய அரிசியின் நீளமே இருக்கும். வித்தியாசம் கனத்தில்தான். ஒரு படி உமி, ஒரு படி அரிசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது.

இரண்டாவது கேள்வி, வடிவம். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு. புடைக்கும்போது கனமான அரிசி சட்டென்று விழுகிறது. உமியைக் காற்று தாங்குவதால் அது பின்தங்கி, முன்வாய் வழியே வெளியேறுகிறது. முன்வாயை அட்டையால் அடைத்துப் புடைக்கச் சொன்னேன். உமி முறத்துக்குள்ளேயே விழுந்தது. "சுவர் இருந்தா உமி எங்க போகும்?" என்று பிள்ளைகளே பதில் சொல்லிவிட்டார்கள்!

மூன்றாவது, பின்பக்கம் ஏன் குறுகல்? அரிசி கைப்பக்கம் வந்து சேர. மூங்கில் பின்னலின் மேடுபள்ளம் எதற்கு? அரிசி வழுக்கி ஓடாமல் இருக்க. சாணம் மெழுகுவது, இடுக்குகளில் நொய் ஒழுகாமல் இருக்க. இப்போது பிளாஸ்டிக் முறம் வந்துவிட்டது. மூலப்பொருள் மாறியது, வேலை மாறாததால் வடிவம் மாறவில்லை.

"இது எங்கம்மா செய்யுறதுதானே, இதுல என்ன சயின்ஸ்?" என்றாள் ஒரு சிறுமி. நல்ல கேள்வி! நம் வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் சல்லடையும் காற்றாடியும் இருக்கின்றன. சல்லடை பருமனைப் பார்க்கிறது. காற்றாடி கனத்தைப் பார்க்கிறது. அம்மாவின் கையசைவைத்தான் காற்றாடி செய்கிறது என்றதும் அவள் முறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நண்பர்களே, அறிவு எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், பிறகு எத்தனை புத்தகம் கொடுத்தும் பயனில்லை. அடுத்த விடுமுறையில் நீங்களும் வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுங்கள். வேலையைக் கேளுங்கள், ஒரு பாகத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பதிலை அவர்களே சொல்லட்டும். நம் டிப்ளமோவுக்கு அதைவிடக் கடினமான வைவா வேறில்லை!