வார்த்தை சிக்கும் பிள்ளை

நான்கு வயதுப் பையன். போன மாதம் வரை மடமடவென்று பேசினான். இப்போது "த... த... தண்ணி" என்கிறான். சில நேரம் சத்தமே வருவதில்லை. கண்ணை இறுக மூடுகிறான். காலைத் தட்டுகிறான். பிறகுதான் சொல் வருகிறது.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "நாக்கு தடித்துவிட்டது, வசம்பு தேய்" என்கிறார் பாட்டி. "யாரையோ பழித்துக் காட்டினான், ஒட்டிக்கொண்டது" என்கிறார் பெரியப்பா. "ஓர் அறை விட்டால் சரியாகும்" என்கிறார் இன்னொருவர். அம்மா யார் பேச்சைக் கேட்பார்?

திக்குவாய் நாக்கில் வரும் நோய் அல்ல. நாம் பேசும்போது உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாவற்றையும் மூளை சேர்த்து இயக்குகிறது. அந்த வேலையில் வரும் தடங்கல்தான் திக்கல். பல குடும்பங்களில் இது வழிவழியாக வருகிறது. பயத்தால் வருவதல்ல. ஆனால் பயம் அதைக் கூட்டும்.

1841-இல் பெர்லின் நகரில் டீபென்பாக் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர் திக்கலுக்காக நாக்கையே அறுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள். பாட்டியின் வசம்பு எவ்வளவோ மேல். ஆனாலும் வேண்டாம்.

100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்குத் திக்கல் வருகிறது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பலருக்குத் தானாகவே நின்றுவிடும். பெரியவர்களில் 100 பேருக்கு ஒருவர்தான். அவர்களில் ஆண்களே அதிகம்.

இங்கே ஒரு கேள்வி எழும். தானாக நிற்கும் என்றால், சிகிச்சையால் நின்றது என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்வி. ஊரில் பல வைத்தியர்கள் பெயர் வாங்கியது இந்தக் குழப்பத்தில்தான்.

இதை நியூசிலாந்தில் சோதித்தார்கள். 54 சிறு குழந்தைகளைச் சீட்டுப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 'லிட்கம்' என்ற பயிற்சி. சிட்னி நகரின் ஒரு பகுதியின் பெயர் அது. இதில் வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும். மற்ற நாட்களில் பயிற்சி தருவது அம்மா அல்லது அப்பாதான். தினமும் சிறிது நேரம் விளையாட்டாகப் பேசுவார்கள். திக்காமல் சொன்னால், "எவ்வளவு அழகாகச் சொன்னாய்!" என்று பாராட்டுவார்கள். திக்கினால், எப்போதாவது மட்டும், "அங்கே கொஞ்சம் சிக்கியது" என்று மெல்லச் சொல்வார்கள். திட்டு கிடையாது.

ஒன்பது மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 100 அசைகளில் சராசரி 1.5 அசைகளில் திக்கினார்கள். மற்றவர்களுக்கும் குறைந்திருந்தது. ஆனால் 3.9. இந்த முடிவு 2005-இல் வெளியானது. ஆகவே காத்திருந்தாலும் குறையலாம். பயிற்சி தந்தால் அதைவிட நன்றாகக் குறைகிறது. யாருக்குத் தானாக நிற்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே சில மாதம் பார்த்தும் நிற்காவிட்டால், பள்ளியில் சேரும் முன்பே காட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு? உள்ளதைச் சொல்ல வேண்டும். முழுவதும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சொல்லை இழுத்து, மெதுவாகப் பேசும் பயிற்சி உண்டு. அதில் திக்கல் நன்றாகக் குறையும். ஆனால் பயிற்சியை விட்டால் பலருக்குத் திரும்பி வரும். டெலிபோனிலும் அதிகாரி முன்னாலும் முதலில் வரும். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1926 முதல் லயனல் லோக் என்பவரிடம் பயிற்சி பெற்றார். 1939-இல் போர் அறிவித்த நாளில் வானொலியில் பேசினார். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். நாடே கேட்டது. "பத்தே நாளில் குணம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் உண்டா என்று கேளுங்கள்.

அதுவரை வீட்டில்? பையன் "த... த..." என்று தொடங்குவான். "தண்ணியா?" என்று நீங்கள் முடித்துவிடாதீர்கள். அவன் முகத்தைப் பாருங்கள். காத்திருங்கள். தண்ணீர் கேட்கிறானா, தம்பி திண்ணையிலிருந்து விழுந்ததைச் சொல்ல வருகிறானா, அவன் சொன்னால்தானே தெரியும்?