மணியின் இருமல்

மணி கிள்ளானுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் இருமினான். சளி கட்டிய கிழவர் இருமல், கடைசியில் தொண்டையைச் செருமுவதுவரை அப்படியே. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து காரில் கொண்டுவந்தபோது ஏர்கோன் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று என் மனைவி பதறினாள்.

பறவை பார்க்கும் டாக்டரிடம் ஓடினோம். நோய் வந்த கிளி உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு உட்காரும், மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடும், மூக்கு ஒழுகும். மணிக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். "பழைய வீட்டுல யாருக்கு இருமல்?" என்று மட்டும் டாக்டர் கேட்டார்.

அன்றிரவே மணியைக் கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது எங்கப்பாண்ணே. ஏழு மணி மருந்துக்கு முன்னால அப்படித்தான் இருமுவாரு. இன்னும் இருமுதா?" என்றாள். அப்பா போய் நான்கு மாதம். போனைக் கூண்டருகே வைத்தேன். மணி அன்றைக்கென்று வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எது விநோதமாகப் பட்டாலும் முதலில் அவளைத்தான் கேட்பேன். துடைப்பத்தைக் கண்டால் ஏன் அலறுகிறான்? கூண்டைக் கூட்டுகையில் ஒருமுறை துடைப்பம் சரிந்து அவன்மேல் விழுந்ததாம். இப்போது துடைப்பம் அவன் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அலறும்போது ஓடிப்போய்ச் சமாதானம் செய்ததை முதலில் நிறுத்தினேன். கத்தினால் ஆள் வரும் என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிற புத்தி அவனுக்கு.

எல்லாவற்றுக்கும் பழைய வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. தலையை ஆட்டி ஆட்டி, தின்றதை என் கையில் கக்கினான். அஜீரணம் என்று நினைத்தேன். உண்மையில் அது காதல்! நான்தான் முதுகைத் தடவித் தடவி அவனை அந்த நினைப்புக்குக் கொண்டுபோயிருக்கிறேன். தலை, கழுத்தோடு கை நின்றாக வேண்டும். தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டதற்கும் பாதிக் காரணம் எங்கள் வீடு. நடுராத்திரிவரை டிவி ஓடும் ஹாலில் கூண்டை வைத்தால் எந்தக் கிளி தூங்கும்? பத்து, பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும். பின்னறைக்கு மாற்றியபின் பிடுங்குவது குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. தூங்குமுன் அலகை நறநறவென்று அரைப்பான். அதற்குப் பயப்பட வேண்டாம், நிம்மதியாக இருக்கிறான் என்று பொருள்.

மணி ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. 2017 முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள இனம். கைமாறி வரும் கிளி என்றால் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் விசாரியுங்கள். நான் இதைக் கிளி வந்த பிறகுதான் செய்தேன், தூக்கம் கெட்டது.

சாப்பாடுதான் பெரிய பாடு. சூரியகாந்தி விதை தவிர எதையும் தொடமாட்டான். பப்பாளியை வீசினான், கங்கோங்கை வீசினான். சிலிபாடி மட்டும் போனது; பறவைக்குக் காரம் உறைக்காது. பிறகு காப்பார் பக்கத் தோட்டத்திலிருந்து மருந்தடிக்காத செம்பனைப் பழம் நாலைந்து என் மச்சான் கொண்டுவந்தான். செம்பனையும் இந்தக் கிளியும் ஆப்பிரிக்காவில் ஒரே ஊர்க்காரர்கள். காட்டில் அதுதான் இவற்றுக்குப் பிடித்த தீனி. மணி ஒன்றைக் காலால் பிடித்து உருட்டிப் பார்த்தான். தோலைக் கிழித்தான், நாரை உறிஞ்சினான். அலகும் நெஞ்சும் ஒரே மஞ்சள் எண்ணெய். கொட்டையைக் கீழே போட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, ஒருதடவை இருமினான்.