தூங்கப் போகும் கம்ப்யூட்டர்: யார் முதலில், யார் கடைசியில்?

லேப்டாப் மூடியை மூடுகிறோம். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், பாதியில் விட்ட கடிதம் அப்படியே இருக்கிறது. ஆனால் சில நாட்களில் திரை வருகிறது, மவுஸ் வருவதில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் காணாமல் போகிறது. அதில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த பைல் கெட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டதோ என்று நாம் பயப்படுகிறோம். பல சமயங்களில் காரணம் வேறு. உள்ளே இருக்கும் சாதனங்கள் தூங்கிய வரிசை அல்லது விழித்த வரிசை பிசகியிருக்கும். அந்த வரிசையை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று இங்கு பார்ப்போம்.

பாம்பன் சொல்லும் பாடம்

ராமேஸ்வரம் போனவர்களுக்குப் பாம்பன் ரயில் பாலம் தெரியும். 1914ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுவே, கப்பல் செல்வதற்காக இரு பக்கமும் மேலே தூக்கும் பகுதி இருந்தது. அதனை ஆட்கள் கையால் இயக்கினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் வரை உயர்கிறது.

பாலம் மாறினாலும் வேலையின் வரிசை மாறவில்லை. முதலில் ரயிலை நிறுத்த வேண்டும். பாலத்தின் மேல் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகுதான் பாலத்தைத் தூக்கலாம். கப்பல் போன பின் எல்லாம் தலைகீழாக நடக்கும். பாலம் இறங்கிச் சரியாக அமர்ந்த பிறகுதான் ரயிலுக்கு சிக்னல். இதில் ஒரு படி முன்பின் ஆனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கெர்னல் செய்யும் வேலை

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பென் டிரைவை எடுத்துக் கொள்ளுங்கள். அது யுஎஸ்பி ஹப்பில் செருகப்பட்டுள்ளது. ஹப், யுஎஸ்பி கண்ட்ரோலருடன் இணைந்துள்ளது. கண்ட்ரோலர், மதர்போர்டின் பிசிஐ பஸ்ஸில் அமர்ந்துள்ளது. இதில் பஸ் தாய், மற்றவை பிள்ளை, பேரப்பிள்ளை. கண்ட்ரோலரை முதலில் தூங்க வைத்தால் பென் டிரைவுக்கு அனுப்ப வேண்டிய தகவல் போக வழியில்லை. எனவே தூங்கும்போது பிள்ளை முதலில், தாய் பிறகு. விழிக்கும்போது தாய் முதலில், பிள்ளை பிறகு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் அடிப்படை விதி இதுதான்.

லினக்ஸில் இது நடக்கும் படிகள்:

1. பைல் தகவல்கள் டிஸ்கில் எழுதப்பட்டு, நாம் திறந்து வைத்துள்ள புரோகிராம்கள் உறைய வைக்கப்படும்.
2. தூக்கம் வரப் போகிறது என்று சாதனங்களுக்கு அறிவிப்பு. இது மட்டும் தாயிடமிருந்து தொடங்கும். புதிய பிள்ளைகள் இடையில் வந்து சேராமல் இருக்கவே இந்த ஏற்பாடு.
3. பிள்ளைகளில் தொடங்கி ஒவ்வொரு சாதனமும் வேலையை நிறுத்தும்.
4. சாதனங்களின் இன்டரப்ட் அழைப்புகள் நிறுத்தப்பட்ட பின், மிச்சமுள்ள வேலைகள் முடிக்கப்படும்.
5. ஒரு பிராசசர் கோர் தவிர மற்றவை நிறுத்தப்படும். கடைசியில் அதுவும் ஓயும்.

நடுவில் ஏதேனும் ஒரு டிரைவர் "என்னால் இப்போது முடியாது" என்று பிழை காட்டினால், அதுவரை தூங்கியவை எல்லாம் எழுப்பப்பட்டு, தூக்கமே ரத்தாகும். பாலத்தில் ரயில் நின்றால் பாலத்தைத் தூக்க மாட்டார்கள் அல்லவா, அதுபோல.

உறவு இல்லாத சார்பு

தாய், பிள்ளை உறவு மட்டும் போதுமா? போதாது. மீன்பிடி துறைமுகத்தில் விசைப்படகும் ஐஸ் பிளாண்டும் வேறு வேறு ஆட்களுடையது. ஆனாலும் ஐஸ் ஏறாமல் படகு கடலுக்குப் போகாது. மொபைல் போனில் உள்ள கேமரா ஒரு பஸ்ஸில் இருக்கும். அதற்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் வேறு பஸ்ஸில் இருக்கும். இருவருக்கும் தாய், பிள்ளை உறவு இல்லை. ரெகுலேட்டர் முதலில் தூங்கினால் கேமரா திணறும்.

முதலில் லினக்ஸ் கெர்னல், சாதனங்கள் பதிவான வரிசையைப் பட்டியலாக வைத்து, தூங்கும்போது அதைத் தலைகீழாகப் பின்பற்றியது. கேமரா முந்திப் பதிவானால் அந்த வரிசையே தவறாகிவிடும். 2012ல் வந்த 3.4 பதிப்பில், தேவையான சாதனம் இன்னும் வரவில்லை என்றால் டிரைவர் "பிறகு வருகிறேன்" என்று ஒதுங்கும் வசதி சேர்ந்தது. 2017ல் வந்த 4.10 பதிப்பில் "டிவைஸ் லிங்க்" வந்தது. இதில் ஒரு சாதனம் தருபவர், மற்றது பெறுபவர் என்று வெளிப்படையாகக் குறிக்கலாம். பெறுபவர் தூங்கிய பிறகே தருபவர் தூங்குவார்.

இன்னொரு சிக்கல் நேரம். எல்லாரும் ஒரே வரிசையில் நின்றால், சுழலத் தாமதிக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க் அனைவரையும் காக்க வைக்கும். 2010ல் வந்த 2.6.34 பதிப்பிலிருந்து, சார்பு இல்லாத சாதனங்கள் ஒரே நேரத்தில் தூங்கவும் விழிக்கவும் முடியும். ஒவ்வொன்றும் தன்னோடு சார்புள்ள சாதனங்களுக்காக மட்டும் காத்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் கம்ப்யூட்டரின் குடும்ப மரத்தைப் பார்க்க, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் "டிவைசஸ் பை கனெக்ஷன்" என்பதில் கிளிக் செய்திடவும். எந்தச் சாதனம் எதன் கீழ் உள்ளது என்று தெரியும்.

தூங்கி எழுந்ததும் தகராறு வந்தால், வெளியே செருகியுள்ள சாதனங்களை எல்லாம் கழற்றிவிட்டுப் பார்க்கவும். பின் ஒவ்வொன்றாகச் செருகிச் சோதிக்கவும். குற்றவாளி கிடைத்ததும் அதன் டிரைவரை அப்டேட் செய்திடவும்.

கம்ப்யூட்டர் தூங்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்கைப் பிடுங்காதீர்கள். விழித்தெழும் கெர்னல் அது அங்கேயே இருக்கும் என்று நம்பியிருக்கிறது. முதலில் பாதுகாப்பாக நீக்கிவிட்டு, பிறகு தூங்க வையுங்கள்.

ஸ்லீப் நிலையில் மெமரிக்கு மின்சாரம் தேவை. மழைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் சேமிக்காத வேலை போய்விடும். அத்தகைய நாட்களில் பைலை சேவ் செய்துவிட்டு, மெமரியில் உள்ளதை டிஸ்கில் எழுதி வைக்கும் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுங்கள்.