தாடை வலியும் தசை முடிச்சு ஊசியும்

பல்லில் சொத்தை இல்லை. எக்ஸ்ரேயிலும் குறை தெரியவில்லை. ஆயினும் கடைவாய்ப் பல், காது, நெற்றிப்பொட்டு ஆகியவை வலிக்கின்றன. இவ்வாறு வருவோரின் மெல்லும் தசைகளையும் நாங்கள் விரலால் அழுத்திப் பார்க்கிறோம். உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்போருக்கு அத்தசைகளில் கயிறு போன்ற இறுகிய பட்டைகள் உண்டாகலாம். அவற்றில் அழுத்தினால் மிகுதியாக நோகும் இடத்தைத் தூண்டல் புள்ளி என்கிறோம். வலியின் மூலம் தசையில் இருக்க, அது பல்லில் உணரப்படலாம். அத்தகைய நிலையில் நல்ல பல்லைப் பிடுங்கினாலும் வலி தீராது.

ஊசி போடும் முறை

புள்ளியைக் கண்டறிந்து, மெல்லிய ஊசியால் லிடோகைன் போன்ற மரத்துப்போகும் மருந்தைச் சிறிதளவு செலுத்துகிறோம். தசை ஒரு கணம் துடிக்கலாம், அஞ்ச வேண்டியதில்லை. சில நிமிடங்களில் சிகிச்சை முடிந்துவிடும். ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் நோகலாம். அரிதாக, முக நரம்பும் மரத்து இமையை மூட இயலாமல் போகலாம். மருந்தின் வேகம் குறைந்ததும் அது சீராகும்.

முன்கூட்டியே கூற வேண்டியவை

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர், மரத்துப்போகும் மருந்துகளால் ஒவ்வாமை கண்டோர், காய்ச்சல் உள்ளோர், கருவுற்றோர் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் தொடர வேண்டியவை

ஊசி வலியைத் தணிக்கும், பழக்கத்தை மாற்றாது. உண்ணாத வேளையில் உதடுகள் மூடியும் பற்கள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்கட்டும். கற்றுத்தரும் தாடைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்யுங்கள்.

தாடை வலியுடன் மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஊசிக்கெனக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தோருக்குப் புதிய தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.